ஆறாம் வகுப்பிலேயே பேசலாம்

ஜூன் 26 வந்தால் நம் பள்ளிகளில் போதை ஒழிப்பு உறுதிமொழி, பேரணி, ஓவியப் போட்டி எல்லாம் உண்டு. மற்ற நாள்களில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஒரு மாணவனின் பையில் புகையிலைப் பொட்டலம் அகப்பட்டால்தான் பேசுகிறோம். அதுவும் மாற்றுச் சான்றிதழைக் காட்டி. உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தும் நான், இதைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். அவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது நம் சென்னையில் நடந்த ஒன்று.

அதன் பெயர் ‘மைத்ரி’. 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் நடந்தது. ஆறாம், எட்டாம் வகுப்பு மாணவர்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தொடக்கக் கணக்கெடுப்பே வியப்பளித்தது. ஒரு முறையேனும் புகையிலையைத் தொட்டதாகச் சொன்னவர்கள் எட்டாம் வகுப்பைவிட ஆறாம் வகுப்பில் இரண்டு மடங்குக்கும் மேல்! “சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் ஏன் பேச வேண்டும்?” என்று ஆசிரியர் அறையில் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

திட்டம் நடந்த பள்ளிகளில் நுரையீரல் படம் காட்டிப் பயமுறுத்துவது மையமாக இல்லை. வகுப்பிலிருந்தே மாணவத் தலைவர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் சிறு குழுக்களை நடத்தினார்கள். நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது, விளம்பரம் எப்படி ஏமாற்றுகிறது என்பதையெல்லாம் பேசியும் விளையாடியும் பழகினார்கள். வீட்டுக்கும் செய்தி போனது. இரண்டு ஆண்டு முடிவில் திட்டம் நடந்த பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 17 சதவீதம் குறைந்திருந்தது. நடக்காத பள்ளிகளில் 68 சதவீதம் கூடியிருந்தது.

இதற்கு எதிர்முனையில் அமெரிக்காவின் ‘டேர்’ திட்டத்தை வைக்கலாம். 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. சீருடையில் காவலர்களே வகுப்பெடுத்தார்கள். பெரும் புகழ் பெற்றது. ஆனால் பின்னர் வந்த மதிப்பீடுகளில், பிள்ளைகளின் போதைப் பழக்கத்தை அது குறைத்ததாகத் தெரியவில்லை.

‘எல்லாரும் போடுறாங்க சார்’ என்பது பிள்ளைகள் மனத்தில் ஊறிய நம்பிக்கை. 2019-இல் நாடு தழுவி எடுத்த கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயது மாணவர்களில் ஏதேனும் ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துவோர் 8.5 சதவீதம். அதாவது பன்னிரண்டு பேரில் ஒருவர். என் வகுப்பில் இந்த எண்ணைச் சொல்வதற்கு முன் பெயர் எழுதாத சீட்டில் ஊகத்தை எழுதச் சொல்வேன். பாதிக்கு மேல் என்று எழுதுவோர்தான் அதிகம். உண்மை எண்ணைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். தொடாதவனுக்குத் தான் தனியாள் இல்லை என்று தெரிகிற நேரம் அது. யார் பயன்படுத்துகிறார் என்று மட்டும் ஒருபோதும் கேட்கக் கூடாது.

பீகாரில் நடந்த ‘செஹர்’ ஆய்வு நமக்குக் கொஞ்சம் கசக்கும். 74 பள்ளிகளில், மனநலமும் பள்ளிச் சூழலும் மேம்பட ஒரே திட்டத்தைச் சில இடங்களில் ஆசிரியர்களும், சில இடங்களில் அதற்கென்றே அமர்த்திய உள்ளூர் ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதை நம் திறமைக் குறைவாக நான் பார்க்கவில்லை. பாடவேளை, பதிவேடு, தேர்வுப் பணி எல்லாவற்றுக்கும் மேல் ஆலோசனையையும் ஏற்றினால் எதற்கு நேரம் இருக்கும்? மதிப்பெண் போடுபவரிடமே மனத்தைத் திறப்பதும் பிள்ளைக்கு எளிதல்ல. ஆலோசகர் பணியிடம் கேட்கும்போது இந்த ஆய்வை நாம் எடுத்துக்காட்டலாம்.

அதுவரை, அகப்பட்ட மாணவனை என்ன செய்வது? இடைநீக்கம் செய்தால் பகல் முழுதும் அவன் எங்கே, யாருடன் இருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். தனியே உட்காரவைத்து, எப்போது தொடங்கியது, எங்கே கிடைக்கிறது, வீட்டில் என்ன நிலை என்று குரலை உயர்த்தாமல் கேட்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். சைல்டு லைன் 1098. பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்பது குற்றம். சிறுவருக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 77-இன்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தலைமையாசிரியர் எழுதும் கடிதம் மாணவன் வீட்டுக்குப் போகும் முன் காவல் நிலையத்துக்குப் போகட்டும். அதில் இருக்க வேண்டியது கடைக்காரர் பெயர்.