கொழுப்பா, கட்டியா? பிரித்தறியும் எக்ஸ்றே

மமோகிராம் எடுத்து வந்த சகோதரியொருவர் அறிக்கையை என்னிடம் நீட்டி, "அடர்த்தியான மார்பகம் என்று எழுதியிருக்கிறார்களே, இதுவும் ஒரு வருத்தமா?" எனக் கேட்டார். வருத்தமல்ல. கொழுப்பு குறைந்து, பால்சுரப்பி இழையம் கூடிய மார்பகம். இளவயதில் அநேகருக்கு அப்படித்தான். சிக்கல் படத்தில்தான். சுரப்பி இழையமும் வெள்ளை, புற்றுக்கட்டியும் வெள்ளை. வெள்ளைக்குள் வெள்ளையை எப்படித் தேடுவது?

1895 இல் ரொஞ்சன் கண்டுபிடித்த நாள்முதல் எக்ஸ்றே படம் ஒரு நிழல்தான். எலும்பு கதிரை நன்றாக உறிஞ்சுவதால் தெளிவாகத் தெரியும். மென்மையான இழையங்களோ ஏறக்குறைய ஒரே அளவாக உறிஞ்சுகின்றன.

கண்ணாடிக் கோப்பையில் தேங்காயெண்ணெய் எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இரண்டுமே ஒளியை மறைப்பதில்லை. ஆனாலும் சொட்டின் விளிம்பு தெரிகிறது. ஒளி அங்கே வளைவதே காரணம். எக்ஸ்றே கதிரும் இவ்வாறு வளைகிறது. ஒரு பாகையின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவாகத்தான். எனினும், கதிரலையில் மென்னிழையம் ஏற்படுத்தும் இந்த 'அவத்தை மாற்றம்' உறிஞ்சலைவிட ஆயிரம் மடங்குவரை பெரிதாக இருக்கக்கூடும். படம்பிடிக்கும் கருவியைச் சில மீற்றர் தள்ளி வைத்தால் அது பதிவாகும்.

பல கோணங்களில் எடுத்துக் கணினியில் சேர்த்தால் சீ.ரி. ஸ்கேன். உள்ளே ஒவ்வொரு புள்ளிக்கும் உறிஞ்சல், வளைவு என இரு அளவுகளைப் பெறலாம். கல்சியம் போன்ற பாரமான மூலகங்கள் உறிஞ்சலைப் பெரிதும் கூட்டும். வளைவோ இலத்திரன்களின் செறிவைப் பொறுத்தது. ஒன்றில் ஒரேமாதிரித் தெரியும் இரு பொருட்கள் மற்றதில் பிரிந்துவிடும். கத்தி வைக்காமலே இனம்பிரிப்பது. எனக்கு வியப்பான இடம் இதுதான்!

இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள எலெத்ரா ஆய்வுகூடத்தில், மமோகிராமில் ஐயம் தீராத பெண்களுக்கு 2006 முதல் இம்முறையில் மார்பகப் படங்கள் எடுத்தார்கள். அவை சீ.ரி. அல்ல, தட்டைப் படங்கள். மெல்பேர்ணிலுள்ள அவுஸ்திரேலிய சிங்குரோத்திரனில், சத்திரசிகிச்சையில் அகற்றிய முழு மார்பகங்களை சீ.ரி. முறையில் ஆராய்ந்தார்கள். அதன் வளையத்தின் சுற்றளவு மட்டும் 216 மீற்றர்! எந்த வைத்தியசாலைக்குள் வைப்பது? சாதாரண எக்ஸ்றே குழாயோடு மெல்லிய கீற்றணிகளைப் பொருத்தியும் இதைச் செய்யலாமென்று சுவிற்சர்லாந்தின் போல் ஷெரர் நிறுவனத்தினர் 2006 இலேயே காட்டினார்கள்.

அந்தச் சகோதரியை வைத்தியர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு அனுப்பினார். அடர்த்தியான மார்பகத்துக்கு இப்போது கைக்கெட்டிய வழி அதுதான்.