அடம்பன் கொடியும் கிணற்று நீரும்

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, கடனீரேரியை அணைத்தாற்போல அமைந்த ஊர் கொழும்புத்துறை. யோகர் சுவாமிகள் இலுப்பை மரத்தடியிலிருந்து தவஞ்செய்த ஊர் என்பதால், அதன் பெயரைக் கேளாத சைவத் தமிழர் ஈழநாட்டிற் சிலரே இருப்பர். பங்குனி, சித்திரை மாதங்களில் ஒரு நாள், உச்சிவேளையில், அவ்வூர்க் கரையோரத்து மணற்றரையில் வெறுங்காலுடன் நடந்து பார்த்தால் இக்கட்டுரை எழுந்த காரணம் உடனே விளங்கிவிடும். வெறுமணல் நெருப்பாய்ச் சுடும். பத்தடி தள்ளி அடம்பன் கொடி படர்ந்த இடத்திற் காலை வைத்தால் அந்தச் சூடு இல்லை. இலைகளை விலக்கி மண்ணைக் கிளறினால் விரல்நுனியிற் குளிர்ச்சியும் தட்டுப்படும். வெயிலும் ஒன்றே, மணலும் ஒன்றே. ஒன்றுக்குப் போர்வை உண்டு; மற்றதற்கு இல்லை. வேற்றுமை அவ்வளவுதான்.

நிலத்துக்கு வேண்டிய போர்வை

குளிர்நாட்டு மக்கள் இந்த உண்மையை நன்குணர்ந்து தம் தோட்டங்களை அமைத்திருக்கின்றனர். அங்கே யூனிப்பர் என்றொரு மரவினம் உண்டு. அதில் நிமிர்ந்து வளராமல் நிலத்தோடு நிலமாகப் படர்ந்து, பனிக்காலத்திலும் பசுமை மாறாது நிற்கும் வகைகள் சில இருக்கின்றன. வட அமெரிக்காவிற் சரிவான நிலங்களில் மண் அரியாதிருக்க அவற்றை நடுகிறார்கள். யப்பானின் கடற்கரை மணலில் உப்புக் காற்றைத் தாங்கித் தானாகவே படர்கின்ற யூனிப்பர் வகையொன்றும் உண்டு. களை முளைக்க இடங்கொடாமல், அடிக்கடி வெட்டும் வேலையும் வையாமல், ஆண்டு முழுவதும் தரையை மூடிக் கிடப்பதே அச்செடிகளின் சிறப்பு.

அச்செடியை வருவித்து நம் வளவில் நட்டால் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். யூனிப்பர் குளிரை விரும்பும் செடி. யாழ்ப்பாணத்து வெப்பத்தில் அது வாடி வருந்துமேயன்றிச் செழித்துப் படராது. ஆனால் அது செய்யும் வேலையை இங்கே செய்வதற்கு நம் கரையிலேயே ஒரு கொடி உண்டு. அதை நாம் காலால் மிதித்து நடக்கிறோமேயன்றிக் கண்ணாற் பார்ப்பதில்லை.

புற்றரைக்கு ஆகும் நீர்

அக்கொடியைப் பற்றிச் சொல்லுமுன், கிணற்றைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

புதிதாக எழும் வீடுகளின் முன்றிலிற் பசும்புற்றரை அமைக்கும் ஆசை இப்பொழுது பெருகி வருகின்றது. கண்ணுக்கு இனிய காட்சிதான், ஐயமில்லை. ஆனால் அதன் தாகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோமா? கோடையிற் புற்றரையைப் பசுமையாக வைத்திருக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீர் வேண்டும். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்னும் நம் கணக்கின்படி ஒரு பரப்பு நிலம் ஏறக்குறைய 250 சதுர மீற்றர். ஆகவே ஒரு பரப்புப் புற்றரை ஒரு நாளிற் குடிப்பது சுமார் 1,250 இலீற்றர். மழையற்ற 6 மாதத்துக்கு அது 2,25,000 இலீற்றராகிறது. அவ்வளவும் நம் கிணற்றிலிருந்தே வரவேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழையிற் பெரும்பங்கு சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கிச் சேர்கின்றது. அந்தச் சேமிப்புத்தான் ஆண்டு முழுவதும் நம்மைக் காப்பாற்றுகின்றது. அது எவ்வாறு நிற்கிறது என்பதை மாணவர்கள் சிறப்பாக அறிந்துகொள்ளவேண்டும். நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆகையால் நிலத்தடியில், கடலிலிருந்து ஊறிப் புகுந்த உவர்நீரின் மேலே நன்னீர் ஒரு வில்லையைப்போல மிதக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபன் என்பவரும், 1901இற் செருமானியரான ஏர்ஸ்பேர்க் என்பவரும் இதற்கொரு கணக்குக் கண்டார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பதே அது. இதை மறுபுறமாக எண்ணிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், அடியிலிருந்து உவர் 40 அடி மேலெழும்பக் காத்திருக்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த இயல்பை நமக்குக் கண்கூடாகக் காட்டும். கடனீரேரியின் ஓரத்தில் இருக்கும் கொழும்புத்துறை போன்ற ஊர்களில் இந்த ஆபத்து இன்னும் அண்மையிலேயே நிற்கிறது. கிணறு ஒருமுறை உவராகிவிட்டால் ஒரு மாரி அதை மீட்டுவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

மான் குளம்பும் ஆட்டுக் குளம்பும்

இனி அடம்பனுக்கு வருவோம். தமிழ்நாட்டார் இதை அடப்பங்கொடி என்பர். சங்கப் புலவர்கள் அடும்பு என்றார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன மலர்களுள் இதுவும் ஒன்று. நெய்தல் நிலத்துக்கே உரிய கொடியாகையால் குறுந்தொகையிலும் இடம்பெற்றது. அங்கே ஒரு புலவர் இதன் பிளவுபட்ட இலையை மானின் குளம்புக்கும், பூவைக் குதிரையின் கழுத்து மணிக்கும் உவமை கூறினார். பல நூற்றாண்டுகளுக்குப் பின், தாவரவியலார் இதற்கு இலத்தீன் மொழியில் இட்ட பெயர் 'ஐப்போமியா பெஸ்காப்ரே'. 'பெஸ்காப்ரே' என்றால் ஆட்டின் கால் என்று பொருள். தமிழ்ப் புலவர் மானைக் கண்டார். மேல்நாட்டறிஞர் ஆட்டைக் கண்டார். இருவர் கண்ணும் அந்தப் பிளவின் மேலேயே விழுந்திருக்கின்றது! சிங்களத்தில் இதன் பெயரில் வரும் 'பிம்' என்னும் சொல் நிலத்தைக் குறிப்பது. நிலத்தோடு ஒட்டி வாழ்வதே இதன் இயல்பென்பதை அவர்களும் கண்டிருக்கிறார்கள்.

உலகின் வெப்பநாட்டுக் கடற்கரைகள் எங்கும் அடம்பன் உண்டு. அதன் விதை உப்புநீரில் மிதந்து நெடுந்தூரஞ் சென்று, ஒதுங்கிய கரையில் முளைக்க வல்லது. ஆணிவேர் ஆழமாக இறங்கும். கொடியோ பல யார் தூரம் ஓடும். ஓடும் வழியெல்லாம் கணுவுக்குக் கணு வேர் ஊன்றும். இலை தடித்தது, பால் உள்ளது, உப்புக் காற்றையும் தகிக்கும் வெயிலையும் பொறுப்பது. காலையில் ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மலரும் பூ, பொழுது சாயுமுன் குவிந்துவிடும். வாடையோ சோளகமோ எது வீசினாலும் மணற்றுகள் தரையையொட்டித் துள்ளித் துள்ளியே நகர்கின்றன. அடம்பன் இலைகள் அங்கே காற்றின் வேகத்தைத் தணிக்க, மணல் படிந்துவிடுகின்றது. மணல் மூடினால் மற்றச் செடிகள் மடியும். அடம்பனோ மூடிய மணலினுள்ளே புது வேர் விட்டு மேலே தலை நீட்டும்.

கட்டற்ற மணல் என்ன செய்யும் என்பதை அறிய வடமராட்சியிலுள்ள மணற்காட்டுக்குச் செல்லவேண்டும். அங்கே மணலிற் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோவிலின் இடிபாடுகள் அதற்குச் சாட்சி. மனிதன் கல்லால் எழுப்பியதை மணல் மூடியது. அந்த மணலையே ஒரு மெல்லிய கொடி கட்டிப்பிடித்து நிறுத்துகிறது.

'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது நம் முன்னோர் மொழி. ஒற்றைக் கொடியை ஒரு சிறுபிள்ளையும் அறுத்துவிடும். பலவற்றைச் சேர்த்துத் திரித்தால் பெரியவர்க்கும் அறுக்க அரிது. ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம், கொடியைத்தான் மறந்துவிட்டோம்.

நடுவது எவ்வாறு?

ஐப்பசி மழை தொடங்கும் காலமே நடுகைக்கு ஏற்றது. முற்றிய கொடியில் மூன்று நான்கு கணுக்கள் உள்ள, ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமான துண்டுகளை வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுள் அமிழும்படி சாய்த்து நடவேண்டும். துண்டுக்குத் துண்டு மூன்றடி இடைவெளி போதும். விதையால் வளர்க்க விரும்பினால், கடினமான அதன் தோலைக் கல்லில் இலேசாக உரைத்து, ஓரிரவு நீரில் ஊறவிட்டு நடலாம். வேர் பிடிக்கும்வரை மழை தவறினால் மாத்திரம் நீர் ஊற்றவேண்டும். கொடியும் நீர் குடிக்கத்தான் செய்யும். ஆனால் வேரூன்றிய பின் அதற்காகக் கிணற்றை இறைக்கவேண்டிய தேவை இல்லை. வெட்டும்போதும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். செறிந்து படர்ந்த இடத்திற் சில துண்டுகளை மாத்திரம் எடுக்கலாம். கரையிலுள்ள கொடியை வேரோடு பிடுங்குதல் கரையையே பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

அடம்பன் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. அது முழுவெயிலையும் மணற்றரையையும் வேண்டுவது; மாமர நிழலிற் சோர்ந்துபோகும். வீட்டு வாசலருகே கொடி மண்டினாற் பூச்சி பொட்டு அடையுமே என்று தாய்மார் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. ஆகவே வாசலை ஒட்டிய முற்றத்தை வழக்கம்போலக் கூட்டித் துப்புரவாக வைத்து, வளவின் கரையோரத்தையும் வேலியோரத்தையும் அடம்பனுக்கு விடலாம். இடைப்பட்ட இடத்துக்குப் பொடுதலை உகந்தது. தரையோடு தரையாகப் படர்ந்து, கணுவில் வேர்விட்டு, சிறிய வெண்ணிறப் பூக்களாற் தேனீக்களை அழைக்கும் அப்பூண்டு சிறிதளவு மிதிபட்டாலும் அழியாது. யப்பானியர் இதே இனத்திலிருந்து தெரிந்தெடுத்த வகையொன்றைக் 'குராப்பியா' என்னும் பெயரிற் புற்றரைக்குப் பதிலாக வளர்க்கிறார்கள். நாமோ பொடுகு போக்கும் மருந்தாக மாத்திரம் இதை அறிவோம். கிணற்றடியில் நீர் கசியும் ஈரத்தரைக்கு வல்லாரையே போதும். தரையும் மூடும், சம்பலுக்கும் ஆகும். மரநிழலில் உதிர்ந்த சருகைக் கூட்டி எரிக்காது அப்படியே விடுவதும் ஒரு போர்வைதான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

பாடசாலை ஆய்வுகூடத்து வெப்பமானி ஒன்றை ஆசிரியரின் அனுமதியுடன் பெறுங்கள். நண்பகல் 12 மணிக்கு வெறுமணலில் ஒரு விரல் ஆழத்திலும், கொடி மூடிய மணலில் அதே ஆழத்திலும் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள். 7 நாள் தொடர்ந்து செய்து அட்டவணை ஆக்குங்கள். இக்கட்டுரை சொன்னதை நம்பவேண்டியதில்லை. உங்கள் அட்டவணை சொல்வதை நம்பினாற் போதும்.

நம் பாட்டன்மார் துலா மிதித்து நீர் இறைத்தார்கள். ஒவ்வொரு பட்டை நீரின் பாரமும் அவர்கள் தோளுக்குத் தெரிந்திருந்தது. இன்று விசையை அழுத்தினால் நீர் கொட்டுகின்றது. பாரம் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் நிலத்தின் அடியில் மிதக்கும் அந்த மெல்லிய வில்லைக்குத் தெரியும். வருகின்ற ஐப்பசியில், முதல் மழை மண்ணை நனைத்த மறுநாள், வீட்டுக்கு நான்கு அடம்பன் துண்டுகளை நட்டு வைப்போம். நம் பேரப்பிள்ளைகள் அதே கிணற்றில் அள்ளிக் குடிக்கும்போது நீர் இனிப்பாகவே இருக்கட்டும்.