கார் பந்தயமா? நாமும் ஒரு கை பார்க்கலாமே!

"கார் பந்தயமா? அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்!" என்று ஒதுங்கிவிடாதீர்கள், சகோதரிகளே! சென்னை அலிஷா அப்துல்லா சிறு வயதில் கோ-கார்ட்டில் ஆரம்பித்து, பைக், கார் இரண்டிலும் ஆண்களோடு போட்டியிட்டவராச்சே!

அதற்காகக் கந்தர்வக்கோட்டை - தஞ்சாவூர் சாலையில் வேகம் காட்ட வேண்டாம். பொதுச் சாலையில் பந்தயம் சட்டப்படி குற்றம். இதற்கென்றே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் உண்டு. நமக்குக் கோவைதான் கிட்டே.

எடுத்த எடுப்பில் கார் வாங்காதீர்கள். முதலில் கோ-கார்ட், பிறகு பயிற்சிப் பள்ளி, அப்புறம் பந்தய லைசென்ஸ். அதற்கு டாக்டர் சான்றிதழும் வேண்டும். கழுத்துவலி, முதுகுவலி இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

முதல் பாடம் என்ன தெரியுமா? வளைவு வருமுன், கார் நேராகப் போகும்போதே பிரேக். வளைவை விட்டு வெளியே வரும்போதுதான் வேகம்.

முக்கியமாக ஒன்று. 2018-ல் ஹரியானா மாநிலம் பிஞ்சோரில், கோ-கார்ட் சக்கரத்தில் கூந்தல் சிக்கி ஒரு பெண் உயிரிழந்தார். ஆகவே பின்னலை இறுகக் கொண்டை போட்டு, ஹெல்மெட்டுக்குள் அடக்குங்கள். துப்பட்டா, தொங்கும் நகை கூடவே கூடாது. ஹெல்மெட் வார் தளர்ந்திருந்தால், "மாட்டிவிட்டால்தான் ஏறுவேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

தைரியம் என்பது வேகத்தில் மட்டுமா இருக்கிறது?