இலையுதிர்வுக்குப் பின் வீட்டு முற்றத்துப் புல்தரை

குளிர் நாடுகளில் வசந்தம் பிறந்ததும் மக்கள் தத்தம் வீட்டுப் புல்தரையைச் செப்பனிடத் தொடங்குவர். நம் நாட்டில் அத்தகைய பருவம் இல்லை. எனினும் ரப்பர்த் தோட்டத்தில் வாழ்வோருக்கு அதற்கு நிகரான ஒரு காலம் உண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கின்றன. பின்னர்ச் செம்பு நிறத் தளிர்கள் துளிர்க்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் தோறும் இடியுடன் மழை இறங்குகின்றது. பால் குறைந்திருக்கும் அந்நாள்களில் வீட்டு முற்றத்தைக் கவனிக்கச் சிறிது நேரமும் கிடைக்கின்றது.

முற்றத்தில் புல் முளைத்திருப்பது சோம்பலுக்கு அடையாளம் என்று நம் மூத்தோர் கருதினர். விடியலில் எழுந்து, மண் தெரியக் கூட்டிப் பெருக்கி, நீர் தெளித்துக் கோலமிடுவதே அவர்கள் கண்ட தூய்மை. அதனைக் குறை கூறுவதற்கில்லை; வெற்று நிலத்தில் பாம்பு ஊர்ந்தால் உடனே தெரியும். ஆயினும் நம் லயத்து வீடுகள் பல மேட்டுச் சரிவில் அமைந்தவை. மழைத்துளி வெறும் மண்ணைத் தாக்கும்போது மேல்மண் கரைந்து கால்வாய்க்குப் போய்விடுகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல வீட்டின் அடித்தளமே வெளியே தெரியத் தொடங்குகின்றது. இப்பாடத்தை ரப்பர்த் தோட்டங்களே முன்னர்க் கற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இல்லாமல் களைந்து வைத்திருந்தனர். வளமான மேல்மண் அரித்துச் செல்லப்பட்ட பின்னரே பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற மூடுபயிர்க் கொடிகளை நடும் வழக்கம் பரவியது.

ஆகவே வாசற்படியை ஒட்டி நான்கைந்து அடி அகலத்தைக் கோலத்திற்கு விட்டுவிட்டு, எஞ்சிய இடத்தில் புல் வளர்ப்பதே பொருத்தமானது என்பது என் கருத்து.

இதற்குப் பணம் கொடுத்துப் புல் வாங்கத் தேவையில்லை. மலாய்மொழியில் ‘ரும்புட் பாரிட்’ எனப்படும் அகன்ற இலைப் புல் சாலையோரங்களில் தானே படர்ந்து கிடக்கின்றது. புளிப்பு மண்ணையும் ஓரளவு நிழலையும் அது தாங்கும். தரையில் ஓடும் அதன் தண்டுகளை மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, மண்ணை மூன்று நான்கு அங்குல ஆழம் கொத்தி, அரை அடி இடைவெளியில் நட்டு, காலால் மெல்ல மிதித்து இறுக்க வேண்டும். மழை பெய்யாத நாள்களில் முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் நீர் தெளிப்பது அவசியம். நடுவதற்கு முன் லாலான் இருப்பின், அதன் வெண்ணிறக் கிழங்குத் தண்டுகளைத் தோண்டி முற்றிலும் அகற்றிவிட வேண்டும். மேலே அறுத்துவிடுவதால் பயனில்லை. மண்ணில் தங்கும் ஒவ்வொரு துண்டும் மீண்டும் முளைக்கும்.

முன்பே புல்தரை உள்ளவர்கள் முதலில் சருகுகளை அகற்ற வேண்டும். இலையுதிர்வின்போது காற்றில் வந்து படியும் இலைகள் புல்லுக்கு வெளிச்சத்தை மறைத்து அழுகச் செய்கின்றன. அதனினும் பெரிய ஆபத்தும் உண்டு. கெடா, பெர்லிஸ், பினாங்கு போன்ற வட மாநிலங்களின் தோட்டங்களில் மலாயாக் குழிவிரியன் காய்ந்த இலைகளின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கின்றது. ஆள் நெருங்கினாலும் அது விலகி ஓடுவதில்லை. எனவே சருகைக் கையால் அள்ளாதீர்கள். காலணி அணிந்து, நீண்ட காம்புள்ள வாரியால் இழுங்கள். வாரிய இலைகளை எரிக்காமல், வீட்டிலிருந்து தள்ளி ஒரு குழியில் இட்டால் காய்கறிப் பாத்திக்கு நல்ல உரமாகும்.

புல்லை வெட்டுவதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கின்றனர். ஒரு மாதத்திற்கு மீண்டும் வெட்டவேண்டாம் என்றெண்ணி மண் தெரிய மழித்துவிடுகின்றனர். புல் தன் உணவைத் தயாரிப்பது இலையில்தான். இலையை முற்றும் இழந்த புல் வேரையும் இழக்கின்றது. திறந்த மண்ணில் தொட்டாற்சிணுங்கியும் கோரையும் குடியேறுகின்றன. இரண்டு அங்குல உயரம் நிற்கட்டும்; ஒரு முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். தோளில் மாட்டும் இயந்திரத்தால் வெட்டுவோர் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவதோடு, குழந்தைகளை ஐம்பது அடிக்கு அப்பால் நிறுத்த வேண்டும். அதன் அலகு தெறிக்கும் கல் கண்ணைப் பறித்துவிடக்கூடும்.

உரம் சிறிதளவே போதும். பத்தடிக்குப் பத்தடி நிலத்திற்கு 15:15:15 கலப்பு உரம் கால் கிலோ இடலாம். இலை உலர்ந்திருக்கும்போது தூவி, உடனே நீர் தெளிக்க வேண்டும். ஈர இலையில் ஒட்டிய உரம் புல்லைக் கருக்கிவிடும். கடும் மழைக்கு முன் இட்டாலோ காசு கால்வாயில் போகும். (உரத்தைக் கடையில் வாங்குவதாகவே எண்ணி எழுதுகின்றேன், தோட்டத்துச் சாக்கிலிருந்து ‘கொஞ்சம்’ எடுத்து வருவோர் இவ்வரிகளைப் படிக்கவில்லை என்றே கொள்வோம்.)

களைக்கொல்லி மருந்தை முற்றத்திற்குக் கொண்டுவர வேண்டாம். வீட்டுப் புல்தரைக்குக் கையால் களை பறிப்பதே போதுமானது. பாராகுவாட் என்னும் மருந்து மலேசியாவில் 2020 ஜனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஒரு வாய் அருந்தினாலே உயிர் போகலாம். எக்களைக்கொல்லியாயினும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது குழந்தையின் கையில் நஞ்சைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். பழைய மருந்து எங்கேனும் மிஞ்சியிருந்தால் அதனைத் திறவாமல் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள்.

இறுதியாகக் கொசு. ஏடிஸ் கொசு புல்லில் முட்டையிடுவதில்லை. உயர்ந்த புல்லுக்குள் மறைந்து கிடக்கும் பழைய பால் மங்கு, தேங்காய்ச் சிரட்டை, டயர் ஆகியவற்றில் தேங்கும் நீரை நாடுகின்றது. பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிய அதன் முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். வறட்சிக்குப் பின் முதல் மழை நிரம்பியதும் அவை பொரிகின்றன; ஏழு முதல் பத்து நாள்களுக்குள் கொசுவாகிப் பறக்கின்றன. புல் குட்டையாக இருந்தால் இப்பாத்திரங்கள் கண்ணில் படும். வாரந்தோறும் ஒரு குறிப்பிட்ட நாளில், பால் வெட்டி வந்து இளைப்பாறிய பின், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பூச்செடி வைத்திருக்கும் மங்குகளின் அடியில் துளையிடுங்கள், வேண்டாதவற்றை அகற்றுங்கள், வேண்டியவற்றின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.