மேத்தன் மணி முதல் மின்தம்புரா வரை

திருவனந்தபுரத்தில் ஆரியசாலையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாக மேற்கே நடந்தால் கிழக்கேகோட்டையை அடையலாம். கோட்டை வாயிலைக் கடந்ததும் பத்மநாப சுவாமி கோயிலும் பத்மதீர்த்தக் குளமும் காட்சி தரும். குளத்தை நோக்கி நிற்கும் கருவேலப்புரை மாளிகையின் முகப்பில் ஒரு கடிகாரம் உள்ளது. அதன் மேலே தாடியுடைய மனித முகம் ஒன்றும், இருபுறமும் இரண்டு ஆட்டுக்கடாக்களும் அமைந்துள்ளன. மணி அடிக்கும்போது முகம் வாய் திறக்கும். கடாக்கள் இரு கன்னங்களிலும் முட்டும். இதுவே மேத்தன் மணி. 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கடிகாரத்தைக் குளத்தூக்காரன் என்னும் கைவினைஞர் செய்தார் என்பர்.

இதில் மின்சாரம் இல்லை. பற்சக்கரங்களின் சுழற்சியே பொம்மைகளின் அசைவாகவும் மணியோசையாகவும் மாறுகிறது. பொறியியல், ஒலி, சிற்பம் ஆகிய மூன்றும் இதில் ஒன்றுசேர்ந்துள்ளன.

மின்னணுவியல் வளர்ந்தபின், மனிதரின் அசைவுக்கு ஏற்ப ஒலிக்கும் கருவிகள் தோன்றின. 1920-ஆம் ஆண்டளவில் ரஷ்ய அறிவியலாளர் லெவ் தெர்மன் உருவாக்கிய தெரமின் அவற்றுள் ஒன்று. அதைத் தொடாமலேயே இசைக்கலாம். ஒரு கை, கருவியின் கம்பியை நெருங்கினால் சுருதி உயரும், விலகினால் தாழும். மற்றொரு கை ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தும். கை நெருங்கும்போது சுற்றின் மின்தேக்குதிறன் மாறுவதே இதற்குக் காரணம்.

இந்திய இசைக்கும் மின்னணுவியல் துணைபுரிந்தது. பாடுவோருக்குச் சுருதி அளிப்பது தம்புரா. சட்ஜத்தின் அதிர்வு நொடிக்கு 240 எனில், பஞ்சமம் 360 ஆகவும், மேல்சட்ஜம் 480 ஆகவும் இருத்தல் வேண்டும். இவ்விகிதம் பிறழாமல் மின்சுற்றுகளால் ஒலி எழுப்பும் கருவியைப் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் 1979-இல் உருவாக்கினார். அவர் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும் ஆவார். தம்புராவின் குடத்தைச் சுமந்து செல்ல இயலாதோரும், உடன் மீட்ட ஆளின்றித் தொலைவில் வாழ்வோரும் இத்தகைய கருவிகளால் தனியே பயிற்சி செய்ய முடிந்தது.

எனினும் ஒரு கேள்வி எழுந்தது. தம்புராவின் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும்போதே மாணவரின் செவி பழகுகிறது. பாலத்தின்மேல் கம்பிக்கு அடியில் வைக்கும் 'ஜீவா' என்னும் பருத்திநூலைச் சற்றே நகர்த்தினாலும் நாதம் மாறுகிறது. பொத்தானை அழுத்துவோருக்கு இப்பயிற்சி கிடைப்பதில்லை. அதனால் தம்புரா மரபு அருகிவிடுமோ என வருந்துவோர் உண்டு. மின்தம்புரா இல்லையேல் பலர் சுருதியின்றியே பாடியிருப்பர் என்போரும் உண்டு. இரு கூற்றிலும் உண்மை உள்ளது. கருவி சுருதியைத் தரும். அதை உணரும் செவியை மனிதரே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
கடா – ஆண் ஆடு
பிறழாமல் – மாறாமல்
நாதம் – இனிய ஒலி
அருகுதல் – குறைதல்

பயிற்சி
1. மணி அடிக்கும்போது மேத்தன் மணியில் நிகழ்வன யாவை?
2. தெரமின் தொடாமலேயே ஒலிப்பது எவ்வாறு?
3. சட்ஜம் 200 எனில், பஞ்சமமும் மேல்சட்ஜமும் எவ்வளவு?
4. தம்புரா, மின்தம்புரா ஆகியவற்றுள் இசை கற்போருக்கு உகந்தது எது? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.