கரியின் வயதும் இரும்பின் வயதும்

2004 பிப்ரவரி வரை தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம். அந்தப் பழைய தருமபுரி மண்ணில், தொகரப்பள்ளிப் பக்கம், குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது மயிலாடும்பாறை. 2021-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. மறு ஆண்டு மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்: தமிழ்நாட்டில் இரும்பு 4,200 ஆண்டுப் பழமை கொண்டது. இந்தப் பக்கத்தில் பிறந்த எனக்கு அன்று உடம்பு சிலிர்த்தது. ஆனால் மேடைகளில் அந்தச் செய்தி "உலகுக்கே இரும்பு தந்தவர்கள் நாம்" என்று வளர்ந்தபோது மனம் நெருடியது. ஏனென்றால் வயது பார்க்கப்பட்டது இரும்புக்கு அல்ல, கரித்துண்டுக்கு.

உயிருள்ள மரம் காற்றிலிருந்து கரிமத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் மிகச் சிறு பங்கு கார்பன்-14. மரம் செத்ததும் வரவு நின்றுவிடும்; உள்ளே இருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சத்தை எண்ணினால் காலம் தெரியும். சில மில்லிகிராம் கரி போதும். மண்ணுக்குள் இப்படி ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் அந்தக் கடிகாரம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த மரத்துண்டு எப்போது காற்றோடு உறவை முடித்துக்கொண்டது என்பது. முந்நூறு வயதுப் புளியமரத்தை இன்று வெட்டி எரித்தால், வரவு எப்போதோ நின்றுபோன அதன் நடு வயிரத்தின் கரி முந்நூறு ஆண்டு முந்திய காலத்தையே காட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் மண் கலப்பு. மயிலாடும்பாறையில் இரும்புக்கு முன்பே புதிய கற்கால மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களும் அடுப்பு மூட்டியவர்கள்தான். எலி வளையும் கறையானும் மர வேரும் ஒரு காலத்துக் கரியை இன்னொரு காலத்துப் பொருளின் அருகே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

அங்கே கிடைத்த காலக்கணிப்புகள் இரண்டு: 104 செ.மீ. ஆழத்தில் கி.மு. 1615, 130 செ.மீ. ஆழத்தில் கி.மு. 2172. ஆழம் கூடக் கூட வயதும் கூடுகிறது. இது நல்ல அறிகுறி. மயிலாடும்பாறை முடிவு சரியாக இருக்கவே வாய்ப்பு உண்டு என்று நினைக்கிறேன். என்றாலும் இரண்டு கரித்துண்டுகளின் மேல் ஒரு யுகத்தையே தூக்கி வைக்க முடியாது.

2025 ஜனவரி 23 அன்று அறிவிப்பு இன்னும் பெரிதானது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த கரியைக் கொண்டு, இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதே சிவகளையில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155. ஒரே இடுகாட்டில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலான இடைவெளி! மாதிரிகளைச் சோதித்தவை அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பால் சகானி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம் போன்ற பெயர்பெற்ற இடங்கள். அவற்றின் எண்களில் எனக்குச் சந்தேகமில்லை. கரியும் இரும்பும் ஒரே நாளில் அந்தத் தாழிக்குள் போனவையா என்பதுதான் கேள்வி. அதை ஆய்வகம் சொல்லாது. தோண்டியவரின் குறிப்பேடுதான் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்புகள் விரிவாக அச்சாகி, உலக ஆய்விதழ்களில் பிற அறிஞர்களின் கேள்விகளைத் தாங்கி நிற்க வேண்டும். அதற்கு முன்பே முரசு கொட்டியது அவசரம்.

இரும்பின் வயதையே நேரடியாகப் பார்க்க வழி இல்லாமல் இல்லை. எஃகுக்குள்ளேயே கரிமம் இருக்கிறது. உலையில் எரிந்த கரியிலிருந்து ஏறியது அது. சேலம் மாவட்டம் மாங்காடு, தெலுங்கனூர் இரும்புப் பொருள்களுக்கு அந்தக் கரிமத்தைக் கொண்டு கிடைத்த காலம் கி.மு. 1600-க்கும் 1200-க்கும் இடைப்பட்டது. அந்த எண்ணே உலக அரங்கில் தலைநிமிரப் போதுமானது. இன்னொரு சாட்சி உலைக் கசடு. உருகிய கசடுக்குள் சிக்கி உறைந்த கரித்துண்டை எந்த எலியும் இடம் மாற்றியிருக்க முடியாது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் உழும்போது கறுத்து, கனத்து, துளை விழுந்த கசடு உங்கள் நிலத்தில் தட்டுப்பட்டால் வரப்பில் வீசிவிடாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தொல்லியல் துறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.