திருவனந்தபுரம் டூ பஹ்ரைன்: போக 2 மணி நேரம், வர 7 மணி நேரமா? விமான டிக்கெட் கணக்கு இதுதான்!

கடியப்பட்டணம், முட்டம் என கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் இருந்து பலர் மீன்பிடி வேலைக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்கிறார்கள். அதில் பஹ்ரைன் முக்கியமான இடம். இவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வதேச விமான நிலையம் திருவனந்தபுரம்தான்.

ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் குழப்பம் வரும். போகும்போது இரண்டே கால் மணி நேரம் போலவும், வரும்போது ஏழு மணி நேரம் போலவும் தெரியும். இது ஏன்? பார்க்கலாம்.

தூரம் எவ்வளவு?

திருவனந்தபுரத்துக்கும் பஹ்ரைனுக்கும் நேர்கோட்டு தூரம் சுமார் 3,400 கிலோமீட்டர். படகைப் போலவே விமானத்துக்கும் தூரத்தை நாட்டிகல் மைலில்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு நாட்டிகல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தால் சுமார் 1,840 நாட்டிகல் மைல்.

உண்மையான பயண நேரம்

நேரடி விமானம் என்றால் நாலரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். போகும்போது கொஞ்சம் கூடும், வரும்போது கொஞ்சம் குறையும். காரணம் காற்று. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக வீசும் காற்று, வளைகுடா செல்லும் விமானத்துக்கு எதிர்க்காற்று. ஊர் திரும்பும்போது அதுவே பின்னால் இருந்து தள்ளிவிடும். குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் அதிகம் தெரியும்.

டிக்கெட்டில் ஏன் வேற மாதிரி?

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பஹ்ரைன் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது.

உதாரணத்துக்கு, காலை 7 மணிக்குத் திருவனந்தபுரத்தில் கிளம்பும் விமானம் 4.45 மணி நேரம் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது இறங்கும்போது நம்மூரில் பகல் 11.45. ஆனால் பஹ்ரைனில் காலை 9.15தான்!

திரும்பும்போது அங்கே இரவு 9 மணிக்குக் கிளம்பி 4.15 மணி நேரம் பறந்தால், இங்கே இறங்கும்போது அதிகாலை 3.45. டிக்கெட்டில் 6.45 மணி நேரம் போலத் தெரியும்.

தேதியைக் கவனிங்க!

வீட்டில் இருப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். 10-ம் தேதி இரவு கிளம்பும் விமானம் இங்கே வந்து சேர்வது 11-ம் தேதி அதிகாலை. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று இருந்தால், மறுநாள் என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் கிளம்பும் தேதிக்கே வண்டி பிடித்தால், ஒரு நாள் முன்னாடியே விமான நிலையத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

கடியப்பட்டணத்தில் இருந்து விமான நிலையத்துக்கு சாலை வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல். மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை பக்கம் நெரிசல் இருந்தால் 2 மணி நேரத்தைத் தாண்டிவிடும். வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். காலை 7 மணி விமானம் என்றால், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கெல்லாம் வீட்டில் இருந்து கிளம்பிவிடுவது நல்லது.

ஈஸியா கணக்குப் போடுவது எப்படி?

பஹ்ரைன் நேரத்தோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால் நம்மூர் நேரம் வந்துவிடும். கூட்டும்போது நள்ளிரவு 12 தாண்டினால் தேதியும் மாறும். சவுதி அரேபியா, குவைத், கத்தாருக்கும் இதே கணக்குதான். துபாய், ஓமன் என்றால் ஒன்றரை மணி நேரம் கூட்டினால் போதும்.